1748 ஆம் ஆண்டுப் புதுச்சேரியை மேடையில் காட்ட எந்தத் துணிகளைத் தேடுவது?

புதுவை அரங்கம்:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 1748 ஆம் ஆண்டில் பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பிய நாட்களைப் பற்றிய நாடகம் ஒன்றை எங்கள் கல்லூரிக் குழு மேடையேற்றவிருக்கிறது. ஆளுநர் டூப்ளே, அவருடைய மனைவி ழான், பிரெஞ்சு அதிகாரிகள் இருவர், துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் தரகரும்) ஆனந்தரங்கப் பிள்ளை ஆகிய ஐவருக்கும் புதிதாக உடை தைக்க வேண்டும். வாடகை உடைக் கடைகளில் விசாரித்துவிட்டோம். எந்த நூற்றாண்டைச் சொன்னாலும் சரிகை ஒட்டிய சிவப்புச் சாட்டின் அங்கியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்துவிட்டு, அவரை அப்படி மேடையேற்ற எனக்கு மனம் வரவில்லை.

ரவிக்கை, பாவாடை, சட்டை ஆகியவற்றை நானே தைப்பேன், கோட்டு தைத்ததில்லை. பிரெஞ்சுக் கோட்டுக்குக் கம்பளிதான் வேண்டுமா, அம்மையாரின் கவுனுக்குக் காஞ்சிபுரம் பட்டு பொருந்துமா, பிள்ளையின் நீண்ட வெள்ளை அங்கியை எந்தத் துணியில் எப்படி வெட்டுவது என்று தெரிந்தவர்கள் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் இருப்பது 50,000 ரூபாய்.

கத்தரிக்கோல்:

முதலில் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். அக்காலத்து ஐரோப்பியக் கோட்டுக்கு உரிய நல்ல துணி, நெய்த பிறகு நீரில் அடித்துச் சுருக்கி, நூலின் குறுக்கும் நெடுக்கும் கண்ணுக்குத் தெரியாதபடி இறுகச் செய்த கம்பளி. அந்நாளைய தமிழில் சகலாத்து என்று வழங்கியது இதுதான். பிள்ளையின் நாட்குறிப்பில் மரியாதைப் பரிசாக இது பலமுறை கைமாறுகிறது. அந்தத் துணியின் வெட்டிய ஓரம் பிரியாது என்பதால், இன்று அருங்காட்சியகங்களில் உள்ள கோட்டுகள் பலவற்றில் ஓரம் மடிக்கப்படாமல் வெட்டியபடியே விடப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஆயினும் உங்களுக்குக் கம்பளி வேண்டாம் என்பதே என் கருத்து. மேடை விளக்கின் சூட்டில் இரண்டு மணி நேரம் நிற்கப்போகிற மாணவரை நினைத்துப் பாருங்கள். மினுப்பில்லாத, கனத்த பருத்தி டிரில் துணியை அடர் நீலத்திலோ காப்பிக்கொட்டை நிறத்திலோ எடுத்தால், பத்தடித் தொலைவிலிருந்து அது கம்பளியாகவே தெரியும். சென்னை கோடவுன் தெருவின் மொத்தக் கடைகளிலும், கரூரில் திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் நெய்யும் துணிகளிலும் இத்தகையவை கிடைக்கும். ஒரு கோட்டுக்கு 58 அங்குல அகலத்தில் நான்கு மீட்டர் வாங்குங்கள். அது அதிகம் என்று உங்கள் தையற்காரர் சொல்வார்; ஆனால் 1740களின் கோட்டு இடுப்புக்குக் கீழே இருபுறமும் விசிறிபோல் மடிந்து விரிய வேண்டும், அந்த மடிப்புகளே பாதித் துணியை விழுங்கிவிடும். விரிவு தொங்கிவிடாமல் நிற்க, மடிப்புகளுக்குள் சட்டைக் காலருக்கு வைக்கும் கெட்டிக் கேன்வாஸை வைத்துத் தையுங்கள்.

வெட்டில் இன்றைய கோட்டுப் பழக்கம் நுழைந்துவிடக் கூடாது. அந்தக் கோட்டுக்குப் பொதுவாகக் காலர் இல்லை. தோளில் பஞ்சு இல்லை. தோள் ஒடுங்கி, கை பின்னோக்கித் தைக்கப்பட்டிருக்கும். கைநுனியில் அகன்ற மடிப்பு முழங்கைவரை ஏறும். எங்கள் குழுவுக்கு ஒருமுறை தைத்துக் கொடுத்த தையற்காரர், எவ்வளவு சொல்லியும் காலரும் தோள்பஞ்சும் வைத்துவிட்டார். மேடையில் அந்த நடிகர் வங்கி அதிகாரியைப்போல் தோன்றினார். துணிக்குச் செலவிடும் பணத்தைவிட வெட்டுக்குச் செலவிடும் நேரம் முக்கியம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பொத்தான்களைக் கோட்டின் துணியாலேயே மூடி, நிறையத் தையுங்கள். எல்லாவற்றுக்கும் காஜா அடிக்க வேண்டியதில்லை. இடுப்பருகே மூன்றோ நான்கோ மட்டும் மாட்டினால் போதும். உள்ளே அணியும் சட்டை, நீங்கள் தைக்கக்கூடியவற்றில் மிக எளியது. அக்காலத்தில் துணி வீணாகாதபடி சட்டை முழுவதையும் சதுரமும் நீள்சதுரமுமாகவே வெட்டினார்கள். அக்குளில் வைக்கும் சதுரத் துண்டுதான் கையைத் தூக்க இடம் கொடுக்கும். லினன் வாங்க முடியாவிட்டால் நல்ல பருத்தி போதும்.

சல்லா:

ஆனந்தரங்கப் பிள்ளையின் உடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதுதான் பெரும்பாலும் தவறாகத் தைக்கப்படுகிறது. அவருடைய அங்கி ஜாமா எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதன் மேற்பகுதி உடலோடு ஒட்டி, ஒருபக்கம் மறுபக்கத்தின்மேல் படிந்து, அக்குளருகே நாடாக்களால் முடிச்சிடப்படும். இந்துக்கள் இடப்பக்கமும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் முடிவது அக்கால வழக்கம். ஆகவே பிள்ளைக்கு இடப்பக்கம் முடியுங்கள். இடுப்பிலிருந்து கீழே, பல பாகங்களை இணைத்துச் சுருக்கிய அகன்ற பாவாடைப் பகுதி வரும். கைகள் கையின் நீளத்தைவிட நீளமாக வெட்டப்பட்டு, மணிக்கட்டில் வரிவரியாகச் சுருங்கி நிற்கும்.

துணி மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சல்லா என்றும் மல் என்றும் நாம் சொல்லும் மெல்லிய வெள்ளைப் பருத்திதான் சரி. பாப்ளினில் தைத்தால் இடுப்பில் சுருக்கு மொத்தையாகக் குவிந்து, அணிந்தவர் பருத்துத் தோன்றுவார்; மல் துணியில் எட்டு மீட்டரைச் சுருக்கினாலும் நீர்போல் விழும். மொத்தம் பத்து மீட்டர் வாங்கி, தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள், ஏனெனில் இந்தத் துணி முதல் சலவையில் கட்டாயம் சுருங்கும். இடையில் கட்டும் கச்சைக்குத்தான் நிறமும் சரிகையும். பழைய பட்டுப்புடவையின் முந்தானையே அதற்குப் போதும். தலைப்பாகையைத் தொப்பிபோல் தைத்து ஒட்டாமல், நீளத் துணியைச் சுற்றிக் கட்டப் பழகுங்கள்.

அவர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகத்தையே அன்றாடம் கவனித்தவர். அக்காலத்தில் புதுச்சேரியில் நீலம் தோய்த்த பருத்தித் துணி கினே என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவரை சென்றது. மேடையின் பின்னணியில் அவுரி நீலத் துணிக்கட்டுகள் நான்கைந்து அடுக்கியிருந்தால் அவருடைய உலகம் எது என்பது பார்ப்பவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

பட்டும் பிரம்பும்:

அம்மையாரின் கவுனுக்குக் காஞ்சிபுரம் புடவை வேண்டாம். கரையும் புட்டாவும் எங்கே வெட்டினாலும் புடவையாகவே தெரியும். டூபியான் பட்டையும் தவிர்க்கச் சொல்வேன். அதன் நூலில் தென்படும் முடிச்சுகளை நாம் இன்று அழகென்று கொண்டாடுகிறோம், ஆனால் அக்கால ஐரோப்பிய நெசவாளருக்கு அவை குறைபாடு. வழவழப்பான, சற்று விறைப்பான, கரையில்லாத பட்டு டஃபேட்டாதான் சரி. ஆரணியிலோ காஞ்சிபுரத்திலோ மீட்டர் கணக்கில் வெற்றுப் பட்டு கேட்டுப் பாருங்கள். விலை எட்டாவிட்டால் மினுப்புக் குறைந்த செயற்கை டஃபேட்டாவை எடுங்கள்.

ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலப் பட்டு ஏறத்தாழ 20 அங்குல அகலமே நெய்யப்பட்டது. அந்தச் சிறு அகலங்களை இணைத்தே கவுன் உருவாயிற்று. உங்கள் 44 அங்குலத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துப் பிறகு இணைத்தால், தையல் கோடுகள் தாமாகவே உரிய இடங்களில் விழும். தோளிலிருந்து தரைவரை முதுகில் தொங்கும் பெரிய மடிப்புகளே அந்தக் கவுனின் உயிர். அவற்றுக்கும் அதே துணியிலான உட்பாவாடைக்கும் சேர்த்துப் பத்து முதல் பதினொரு மீட்டர் ஆகும்.

முதலில் தைக்க வேண்டியது கவுன் அன்று, உள்ளே அணியும் இறுக்குக் கச்சு. கச்சில்லாமல் அளவெடுத்த கவுன் கச்சின்மேல் பொருந்தாது. திமிங்கிலத்தின் வாய்த்தகடுகளைக் கீறி அக்காலத்தில் வைத்தார்கள். இரண்டு அடுக்குக் காடா துணிக்கு இடையில் மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டப் பயன்படும் அகன்ற பிளாஸ்டிக் பட்டைகளை நுழைத்தால் நமக்குப் போதும். இடுப்பை இருபுறமும் அகலமாகக் காட்டும் கூட்டுக்குப் பிரம்பைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. பிரம்பு நாற்காலி பின்னுபவரிடம் கேட்டு வாங்கி, நனைத்து வளையுங்கள். கச்சின் முதுகில் கயிறு கோக்கும் துளைகளைக் கையால் நூல் சுற்றியே முடிக்க வேண்டும். உலோக வளையம் பதிப்பது 19 ஆம் நூற்றாண்டு வழக்கம்.

சல்லா:

மேலே சொன்னதோடு ஒரு சிறு வேறுபாடு. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் ழான் அம்மையார் பட்டுதான் உடுத்த வேண்டும் என்பதில்லை. வண்ணம் தீட்டிய சோழமண்டலப் பருத்தித் துணியைப் பிரான்சில் 1686 முதல் 1759 வரை அரசு தடைசெய்திருந்தது. அந்தத் துணி பிறந்த கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். வெள்ளைத் தரையில் கொடியும் பூவும் ஓடும் கலம்காரியில் ஒரு மேல்சட்டை தைத்துக் கொடுத்தால், பாரிஸிலிருந்து இறங்கிய சீமாட்டியாக இல்லாமல் புதுச்சேரிப் பெண்ணாகத் தோன்றுவார். அச்சுக்கட்டையால் ஒரே பூவைத் திரும்பத் திரும்பப் பதித்தது வேண்டாம். காளஹஸ்தியிலும் நம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கையால் வரைவதே பொருத்தம். கஞ்சி போட்டுச் சங்கால் தேய்த்து மெருகேற்றுவது பழைய முறை. நீங்கள் கெட்டிக் கஞ்சி போட்டு அழுத்தி இஸ்திரி செய்தாலே ஓரளவு மெருகு வரும்.

புதுவை அரங்கம்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பட்டுக் கவுனையும் கலம்காரி மேல்சட்டையையும் இரண்டையும் தைக்க எங்களிடம் பணம் இல்லை; இரண்டாம் காட்சியும் நான்காம் காட்சியும் வீட்டுக்குள் நடப்பதால், மேல்சட்டையை எடுத்துக்கொள்ள எண்ணுகிறேன். பாவாடையை வெற்று நிறத்தில் வைக்கலாமா? மேலும், கோட்டை வெட்டத் தொடங்கவே கை நடுங்குகிறது.

கத்தரிக்கோல்:

வெற்று நிறப் பாவாடை தாராளமாகப் பொருந்தும். கலம்காரிக் கொடியில் உள்ள சிவப்பையே அதற்குத் தேர்ந்தெடுங்கள்.

கோட்டுக்கு நேரடியாக டிரிலில் கத்தரி வைக்காதீர்கள். ஈரோட்டுக் காடா துணியை விலை மலிவாக வாங்கி, அதில் ஒரு முழுக் கோட்டை நீளத் தையலில் இணைத்து, நடிகருக்கு அணிவித்து, அவரை உட்காரவும் வணங்கவும் வாளை உருவவும் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே பிரித்துத் துண்டு சேருங்கள். சரியான பிறகு தையலைப் பிரித்தால் அந்தக் காடா துண்டுகளே உங்கள் வெட்டுமாதிரி. அவற்றையே உள்துணியாகவும் பயன்படுத்திவிடலாம். வெளியே தெரியும் ஓரத் தையல்களைக் கையாலும், உள்ளே மறையும் நீளத் தையல்களை இயந்திரத்தாலும் போடுங்கள். ஆளுநரின் கோட்டு முடிந்ததும் படம் அனுப்புங்கள். பக்க மடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு மற்ற இரண்டையும் வெட்டலாம்.