ஆக்ஸல் ஜம்ப் திடீர்னு "லாக்" ஆயிடுச்சு, 7 வாரமா கால் எழும்பவே மாட்டேங்குது. யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

மார்க்கம்_மீன்கொத்தி:

வணக்கம் மக்களே. இங்க ஃபிகர் ஸ்கேட்டிங் பண்றவங்க எத்தனை பேர் இருப்பீங்கன்னு தெரியல, ஆனா போன வருஷம் யாரோ ஸ்கேட்டிங் பூட்ஸ் பத்தி கேட்டப்போ நாலஞ்சு பேர் வந்து பதில் போட்டீங்க, அந்த தைரியத்துல கேக்குறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், மன்னிச்சுக்கோங்க.

எனக்கு 41. டொராண்டோ பக்கத்துல மார்க்கம்ல இருக்கேன். பொண்ணை ஸ்கேட்டிங் கிளாஸ்ல விட்டுட்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தவ, 33 வயசுல நானும் ஒரு வாடகை ஸ்கேட்டை மாட்டிட்டு இறங்கிட்டேன். பொண்ணு ரெண்டே வருஷத்துல போரடிக்குதுன்னு விட்டுட்டா, நான் விடல. இப்போ அடல்ட் சில்வர் லெவல்ல (பெரியவங்களுக்கான பிரிவுல ஒரு படி) போட்டி போடுறேன்.

ஆக்ஸல் தெரியாதவங்களுக்கு: மத்த ஜம்ப் எல்லாம் பின்னாடி பாத்துட்டே போய் எகிறுவோம், இது ஒண்ணு மட்டும் முன்னாடி பாத்துட்டே எகிறணும். இறங்குறது மட்டும் எப்பவும் போல பின்னாடி பாத்துதான், அதனால சிங்கிள் ஆக்ஸல்னாலும் ஒன்றரை சுத்து. நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882ல வியன்னால பண்ணினதால அவர் பேரு. எனக்கு அது வர்றதுக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு. போன நவம்பர்ல முதல் தடவை ஒத்தக் கால்ல நின்னப்போ ரிங்க்லயே அழுதுட்டேன். பத்துக்கு ஆறு வந்துட்டு இருந்துச்சு.

ஏப்ரல்ல ஒரு செவ்வாய்க்கிழமை காலைல 6:15 செஷன். வெயிட்டு இடது பக்கத்துலேயே தங்கிடுச்சு, காத்துல இருக்கும்போதே தெரிஞ்சு போச்சு, இடுப்பு, முழங்கை, கடைசியா தலை லேசா ஐஸ்ல தட்டுச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன், கன்கஷன் இல்லைன்னாங்க, ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு திரும்ப வந்தேன்.

அன்னிலேர்ந்து ஆக்ஸல் போச்சு. பயமா இருக்குன்னு கூட சொல்ல முடியல, நெஞ்சு படபடக்கறதில்ல ஒண்ணுமில்ல. ரவுண்டு அடிச்சு வர்றேன், பின்னாடி பாத்துட்டே வலது கால் எட்ஜ்ல (பிளேடோட ஓரம்) நிக்கிறேன், இடது காலை எடுத்து வைக்கிறேன், கை முன்னாடி வருது, முட்டி மேல வரணும்ல, அது வரல. யாரோ ஸ்விட்ச் ஆஃப் பண்ணின மாதிரி அப்படியே வழுக்கிட்டு போயிடுறேன். சில நேரம் வால்ட்ஸ் ஜம்ப் மட்டும், அதாவது அரை சுத்து, வருது. ஒரு செஷன்ல 15 தடவை இப்படி சுத்தி வந்து சும்மா போறேன். கோச் "யோசிக்காம போ"ங்கறார். யோசிக்காம இருக்கணும்னு யோசிக்கறதே பெரிய யோசனையா இருக்கு. வீட்ல தரையில பண்ணினா ஒன்றரை சுத்து அழகா வருது, அதான் கடுப்பு!

ஆகஸ்ட்ல போட்டி. புரோகிராம்ல முதல் ஜம்ப்பே ஆக்ஸல்தான். எடுத்துடவா, வைக்கவா?

வெட்டி_ஆபீசர்:

41 வயசுல எதுக்குங்க இந்த வேண்டாத வேலை, எலும்பு உடைஞ்சா யாரு பாப்பாங்க. வாக்கிங் போங்க, யோகா பண்ணுங்க.

ஸ்காபரோ_அக்கா:

தங்கச்சி, மேல எழுதினவரை விடுங்கோ. டியானா ஸ்டெலாட்டோ-டுடெக் 16 வருஷம் ஸ்கேட்டிங்கை விட்டிட்டு இருந்து திரும்பி வந்தவ, கனடாவுக்காக 2024 ல மொன்றியலில பெயர்ஸ் (சோடியா ஆடுறது) உலக சாம்பியன் ஆகேக்க அவவுக்கு 40 வயசு. நாங்கள் அந்த உயரத்தில இல்லை, ஆனா வயசைச் சொல்லி எங்களை வீட்டில இருத்தேலாது. எனக்கு 57. ஜெர்மனியில ஓபர்ஸ்டோர்ஃப் எண்ட ஊரில 2005 ல இருந்து ஐஎஸ்யு (சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம்) அடல்ட் போட்டி நடக்குது, அங்க போய்ப் பாத்தா எழுபது தாண்டின ஆக்களும் உடுப்பில கல்லு வச்சுத் தைச்சுக்கொண்டு வருவினம்.

எனக்கு உது லூப் ஜம்ப்பில வந்தது. மூண்டு மாசம். நீங்கள் சொல்லுற மாதிரியே, பயம் எண்டு ஒண்டும் தெரியாது, உடம்பு மாட்டன் எண்டு சொல்லும்.

முதல்ல ஒரு விசயம் கேக்கிறன், விழுகிறதுக்கு முன்னம் பிளேடு ஷார்ப்பன் பண்ணினீங்களோ? சிரிக்காதேங்கோ. பூட்ஸைத் தலைகீழாப் பிடிச்சு, பிளேட்டின்ர ரெண்டு எட்ஜுக்கும் குறுக்கால ஒரு காசை வச்சுப் பாருங்கோ. காசு ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டா எட்ஜ் சமனில்லை. ஆக்ஸல் இடது கால் வெளி எட்ஜில இருந்து போறது, அந்த எட்ஜ் தாழ்ந்து இருந்தா கால் வழுக்கும், ரெண்டு தரம் வழுக்கினா உடம்பு அதை மறக்காது. பிறகு பிளேடைச் சரியாக்கினாலும் உடம்பு நம்பாது. எனக்கு அப்பிடித்தான் நடந்தது, நான் என்ர மனசில பிழை எண்டு நினைச்சு மூண்டு மாசம் அழுதுகொண்டு திரிஞ்சன்.

இனி கணக்கு. சிங்கிள் ஆக்ஸல் அடிப்படை மதிப்பு 1.10, சிங்கிள் லுட்ஸ் (ஒரு சுத்துச் சுத்துற வேற ஜம்ப்) 0.60. ஆக்ஸல் முழுசாச் சுத்தி விழுந்தீங்கள் எண்டா நடுவர்மார் -5 தருவினம், ஒவ்வொரு படிக்கும் பத்து வீதம், ஆக அரைவாசி போய் 0.55 தான் கையில நிக்கும். அதுக்கு மேல விழுந்ததுக்கு வேற கழிப்பினம். அரைச் சுத்தோட நிண்டால் பூச்சியம். நல்ல லுட்ஸ் ஒண்டு போட்டாலே அதை விடக் கூட. அரைப் புள்ளிக்காக ஆகஸ்ட் மட்டும் நித்திரை இல்லாமத் திரியப் போறீங்களோ? எடுத்து விடுங்கோ. பிறகு போடலாம், அது எங்கயும் ஓடிப் போகாது.

சுழல்_பந்து_77:

ஸ்கேட்டிங் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனா தலைப்பைப் பாத்துட்டு உள்ள வந்தேன், ஏன்னா எனக்கு இதே எழவு பவுலிங்ல வந்துச்சு. சென்னைல லீக் ஆடிட்டு இருந்தேன், இடது கை ஸ்பின். ஒரு சீசன் நடுவுல பந்து கைய விட்டே போகல. விட்டா ரெண்டாவது ஸ்லிப்புக்கு போகும், இல்லைன்னா என் காலடியிலயே குத்தும். நெட்ஸ்ல பேட்ஸ்மேன் இல்லைன்னா தேன் மாதிரி போடுவேன், ஒருத்தன் பேட் புடிச்சு நின்னா போச்சு. நீங்க வீட்ல தரையில வருதுன்னு சொன்னீங்கல்ல, அதைப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு.

இதுக்கு கிரிக்கெட்லயும் கோல்ஃப்லயும் யிப்ஸ்னு சொல்வாங்க. 2001ல லார்ட்ஸ்ல சி அண்ட் ஜி டிராபி ஃபைனல்ல லெஸ்டர்ஷைர் பவுலர் ஸ்காட் பாஸ்வெல் ஒரே ஓவர்ல 14 பந்து போட்டாரு, வைடு மேல வைடு. வீடியோ இருக்கு, நான் பாதிக்கு மேல பாக்க மாட்டேன், வயித்தப் பெசையும்.

எனக்கு புரிஞ்சது என்னன்னா, பழகின வேலையை உடம்பு தானா பாத்துக்கும், நாம உள்ள பூந்து ஒவ்வொரு ஸ்டெப்பா மேஸ்திரி மாதிரி நின்னு மேற்பார்வை பாக்க ஆரம்பிச்சா அது வேலைய நிறுத்திடும். மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் முன்னாடின்னு யோசிச்சுப் பாருங்க, தடுமாறும். எனக்கு ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்தது, ஓடி வரும்போது வாய்விட்டு எதையாவது சொல்லிட்டே வா. நான் எங்க ஏரியா பஸ் ஸ்டாப் பேரையெல்லாம் வரிசையா சொல்லிட்டே போடுவேன், அம்பயர் ஒரு மாதிரி பாப்பாரு. முழுசா சரியாகலங்க, பொய் சொல்ல மாட்டேன், ஆனா திரும்ப ஓவர் முடிக்க முடிஞ்சுது.

டெக்சாஸ்_தச்சன்:

நான் அடல்ட் கோல்டு, 46, ஆம்பளை. இங்க ரிங்க்ல குழந்தைங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் சொல்லியும் கொடுக்கறேன். அக்கா சொன்ன பிளேடு விஷயம் முதல்ல பாத்துடுங்க, நூத்துல நூறு.

ஆனா உங்க பதிவுல எனக்கு உறுத்தினது அந்த 15 தடவை. ரவுண்டு அடிச்சு வந்து எகிறாம போறதை நீங்க ஒரு நாளைக்கு 15 தடவை ப்ராக்டீஸ் பண்றீங்க. வாரம் நாலு நாள்னா 60. ஏழு வாரத்துல எவ்வளவு ஆச்சுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. ஆக்ஸலை விட எகிறாம இருக்கறதுல இப்போ நீங்க எக்ஸ்பர்ட். உங்க கோச்சை குறை சொல்லல, ஆனா "யோசிக்காம போ"ன்னு திரும்பத் திரும்ப அனுப்புறது இதைத்தான் வளக்குது.

அதனால என் ரூல்: ஒரு செஷனுக்கு மூணே மூணு தடவை. எகிறல்லன்னாலும் அது ஒண்ணா எண்ணிக்கணும். மூணு முடிஞ்சா வேற வேலை, ஸ்பின் பண்ணுங்க, ஸ்டெப்ஸ் பண்ணுங்க. கஷ்டமா இருக்கும், "இன்னும் ஒரே ஒண்ணு"ன்னு கை துடிக்கும், கூடாது.

அப்புறம் பாதையை மாத்துங்க. எந்த மூலையில விழுந்தீங்களோ அந்த மூலை வேண்டாம், ரிங்க்கோட எதிர்பக்கம் போங்க. நீளமா ரவுண்டு அடிக்காம நின்ன இடத்துலேர்ந்து ரெண்டு தள்ளு தள்ளி போங்க. வால்ட்ஸ் ஜம்ப் பண்ணி இறங்கின உடனே பேக்ஸ்பின்னுக்குள்ள (வலது கால்ல நின்னு சுத்தறது) போறது நிறைய பண்ணுங்க, ஆக்ஸல்னா கிட்டத்தட்ட அதுதானே, வால்ட்ஸ் ஜம்ப் ஏறும்போது உடம்பை வலது பக்கம் மாத்தி பேக்ஸ்பின் பொசிஷன்ல சுத்தறது. நீங்க விழுந்ததும் அந்த மாறல் நடக்காததாலதான். ரிங்க்ல போல் ஹார்னஸ் இருந்தா கேளுங்க, மீன் பிடிக்கற தூண்டில் மாதிரி கோச் கையில கம்பு, உங்க இடுப்புல பெல்ட். என்னைய ஒருத்தர் அதுல தூக்கினப்போ வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா விழ மாட்டோம்னு உடம்புக்கு தெரிஞ்சதும் முட்டி தானா மேல வந்துச்சு. இடுப்புக்கு பேட் போடுங்க, உடுப்புக்குள்ள இருக்கறது யாருக்கும் தெரியாது.

புரோகிராம்லேர்ந்து எடுக்கறது தோல்வின்னு நினைக்காதீங்க. 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ல ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் வால்ட்ல ரெண்டரை ட்விஸ்ட் பண்ண போயி ஒன்றரையோட இறங்கினாங்க, காத்துல எங்க இருக்கோம்னே தெரியலன்னு டீம் ஃபைனல்லேர்ந்து விலகினாங்க. கடைசியா பீம்ல மட்டும் வந்தாங்க, டிஸ்மவுண்ட்ல (பீம்லேர்ந்து கீழ குதிக்கறது) ட்விஸ்ட்டையே எடுத்துட்டு டபுள் பைக் போட்டு வெண்கலம். 2024 பாரிஸ்ல ஆல்ரவுண்ட் தங்கம்.

மார்க்கம்_மீன்கொத்தி:

எல்லாருக்கும் நன்றி, வெட்டி ஆபீசருக்கும் சேத்துதான் (யோகாவும் பண்றேன் சார்).

அக்கா, காசு வச்சுப் பாத்தேன். ராத்திரி 11 மணிக்கு கிச்சன்ல பூட்ஸைத் தலைகீழா புடிச்சுக்கிட்டு 25 சென்ட் காசை வச்சுட்டு இருக்கேன், வீட்டுக்காரர் தண்ணி குடிக்க வந்தவர் ஒண்ணும் கேக்காம போயிட்டார். வலது பிளேடு சரி. இடதுல காசு நல்லாவே சரியுது, வெளி எட்ஜ் பக்கம் தாழ்வா! மார்ச் கடைசில ஷார்ப்பன் பண்ணது, எங்கேன்னு சொல்ல வேண்டாம், வழக்கமா போற ஆள் லீவுன்னு வேற இடத்துல கொடுத்தேன். இப்போ பழைய ஆள்கிட்டயே கொடுத்து சரி பண்ணியாச்சு. விழுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் த்ரீ டர்ன்லயே (ஒத்தக் கால்ல திரும்பறது) கால் வழுக்குச்சு, நான் தூக்கம் பத்தலைன்னு நினைச்சுட்டேன்.

பிளேடு சரியானதும் ஆக்ஸல் வந்துடும்னு நினைச்சேன், வரல. அக்கா சொன்ன மாதிரியே, உடம்பு நம்பல.

ஸ்காபரோ_அக்கா:

நம்பும். அவசரப்படுத்தாதேங்கோ. என்ர லூப் பிளேடு சரியாக்கி ஐஞ்சு கிழமைக்குப் பிறகுதான் வந்தது, அதுவும் நான் வேற ஆரோடயோ கதைச்சுக்கொண்டு போகேக்க. கோச்சோட கதைச்சீங்களோ?

மார்க்கம்_மீன்கொத்தி:

ரெண்டு வாரம் கழிச்சு வந்து சொல்றேன், யாராவது இன்னும் படிக்கறீங்களான்னு தெரியல.

கோச்கிட்ட 0.55 கணக்கை பேப்பர்ல எழுதி காட்டினேன். ஆகஸ்டுக்கு முதல் ஜம்ப் லுட்ஸ். அவர் முகம் சரியில்ல, ஆனா ஒத்துக்கிட்டார். மூணு தடவை ரூலுக்கும் ஒத்துக்கிட்டார், நான்தான் ரெண்டு நாள் ஏமாத்தி நாலாவது போனேன். எங்க ரிங்க்ல ஹார்னஸ் ஒண்ணு இருக்கு, அதுல பத்து தடவை போனேன், பத்தும் எகிறினேன். பெல்ட்டைக் கழட்டினதும் முட்டி திரும்ப ஸ்டிரைக்.

சுழல் பந்து சார், பஸ் ஸ்டாப் எனக்கு சரி வரல, ஆனா சின்ன வயசுல எட்டு வருஷம் பரதநாட்டியம் கத்துக்கிட்டவ நான், தகதிமி சொல்லிப் பாத்தேன். த-ல வலது கால் பின் எட்ஜ், க-ல இடது கால் வைக்கிறது, தி-ல முட்டி, மி-ல காத்துல. மனசுக்குள்ள சொன்னா ஒண்ணும் நடக்கல. வாய்விட்டு சத்தமா சொன்னாதான் கால் கேக்குது. வியாழக்கிழமை எதிர்மூலைல மூணு தடவை போனேன். ஒண்ணு வழக்கம்போல வழுக்கிட்டு போச்சு. ஒண்ணுல எகிறி ரெண்டு கால்ல இறங்கினேன், சுத்தும் கொஞ்சம் கம்மி. மூணாவதுல தி சொல்லும்போதே மேல போயிட்டேன், இறங்கினப்போ கையெல்லாம் கோணலா, ஆனா ஒத்தக் கால்.

நாலாவது போகல. போர்டுகிட்ட வந்து மூக்கு சிந்திட்டு இருந்தேன், பக்கத்துல ஒரு பத்து வயசு பொண்ணு, டபுள் ஆக்ஸல் பண்றவ, வந்து நின்னு அது என்ன பாட்டுன்னு கேட்டா.