மறுமொழி: ஆங்கில 'ஃபுட்–ஃபீட்' (பாதம்–பாதங்கள்) மாற்றத்துக்குத் தமிழில் என்ன சொல்?

> 'ஐ-மியூட்டேஷன்' (பின்வரும் இகரத்தால் முன்னுள்ள உயிர் மாறுவது) என்பதை 'இகரச் சடுதி மாற்றம்' என்று போட்டுவிடலாமே. உயிரியலில் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே?

வணக்கம் ஐயா. 'சடுதி' வேண்டாம். இது சடுதியில் நடந்ததல்ல. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலரும் சாக்சனியரும் பிரிட்டனில் குடியேறத் தொடங்கிய பிறகு, அவர்கள் மொழியில் நூல்கள் எழுதப்படுமுன், பேச்சிலேயே தலைமுறை தலைமுறையாக ஊறிய மாற்றம்.

பாதத்துக்கு அன்று 'ஃபோட்'. பன்மை விகுதியில் ஓர் இகரம் இருந்ததால் 'ஃபோட்டி' என்பதுபோல் ஒலித்தது. ஓகாரத்துக்கு நாக்கு பின்வாங்கி நிற்க வேண்டும், இகரத்துக்கு முன்னே வர வேண்டும். வரப்போகும் இகரத்துக்காக நாக்கு ஓகாரத்திலேயே முன்னே நகர்ந்துவிட, 'ஃபேட்டி' ஆயிற்று. (நடுவில் உதடு குவிந்த ஏகாரம் ஒன்று உண்டு, அதை விடுங்கள்.) அப்புறம் இகரமே உதிர்ந்துபோய் 'ஃபேட்' மிஞ்சியது, அதுதான் இன்றைய 'ஃபீட்'. ஆள் போயாச்சு, தடம் மட்டும் இருக்கிறது. அந்தத் தடம்தான் இப்போது பன்மையைக் காட்டுகிறது. 'மவுஸ்–மைஸ்', 'டூத்–டீத்', 'மேன்–மென்' எல்லாம் இதே கதை. பன்மையில் மட்டுமல்ல, 'ஃபூட்' என்ற உணவிலிருந்து 'ஃபீட்' என்ற ஊட்டல் வந்ததும் இப்படித்தான்.

அந்த மொழியின் பெயரே இதற்குச் சாட்சி. ஆங்கிலர் என்ற குடிப்பெயரின் அகரம் பின்னால் வந்த இகரத்தால் எகரமாகித்தான் 'எங்கிலிஷ்' ஆனது. நாம் சொல்லும் 'ஆங்கிலம்' அந்த மாற்றம் தொடாமல் நிற்கிறது.

> அப்படியானால் 'உயிர்த்திரிபு'? அல்லது 'இகரத் திரிபு'?

முதலாவது மிகப் பொது. 'சிங்–சாங்' (பாடு–பாடினான்) போன்ற வினைகளிலும் உயிர் திரிகிறது. ஆனால் அது இதைவிட மிகப் பழையது, பக்கத்து இகரத்தால் வந்ததல்ல. நம் கெடு–கேடு, சுடு–சூடு நினைவுக்கு வரும். முழுப் பொருத்தம் இல்லைதான், ஆனாலும் 'முதனிலைத் திரிபு' என்ற பெயரை அதற்கு ஒதுக்கி வைப்போம்.

'இகரத் திரிபு' என்றால் இலக்கணம் படித்தவர் இகரமே திரிந்ததாக எடுத்துக்கொள்வார். லகரத் திரிபு என்றால் லகரம் றகரமாவதுதானே? இங்கே இகரம் திரியவில்லை, திரிக்கிறது.

என் பரிந்துரை 'இகர ஈர்ப்பு'. புவியீர்ப்பு என்றால் புவி இழுப்பது என்று குழந்தைக்கும் தெரியும், இங்கே இகரம் இழுக்கிறது. இன்னொரு வசதி: நாமும் வீட்டில் 'எலை போடு', 'ஒடம்பு சரியில்லை', 'கொடத்தை எறக்கு' என்கிறோம். அடுத்த அசையின் அகரமோ ஐகாரமோ முன்னுள்ள இகர உகரங்களைக் கீழே இழுத்து எகர ஒகரமாக்குகிறது. அதற்கு 'அகர ஈர்ப்பு'. ஸ்காண்டிநேவியரின் பழைய நோர்ஸ் மொழியில் உகரம் இழுத்ததற்கு 'உகர ஈர்ப்பு'. ஒரே அச்சில் மூன்று சொல். நம்முடையதில் இழுத்த உயிர் இன்னும் கூடவே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம்.

---

> என் பரிந்துரை 'இகர ஈர்ப்பு'.

சரி, ஏற்கிறேன். சடுதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஈர்ப்பு என்பது செயல். 'ஃபேட்' என்பதில் நிற்கும் ஏகாரத்தை என்னவென்பது? 'ஈர்ப்புயிர்' என்னலாமா? நூலுக்கு அன்று 'போக்', பன்மை 'பேச்'. அது நிலைத்திருந்தால் இன்று 'புக்–பீச்' என்றிருப்பார்கள். அந்தப் பன்மை வழக்கொழிந்ததைச் சொல்லவும் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

---

'ஈர்ப்புயிர்' இழுத்ததா, இழுபட்டதா என்று மறுபடி அதே குழப்பம் வரும். 'ஈர்ப்புற்ற உயிர்' என்று நீட்டியே எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் ஒரு வரி கூடினால் கூடட்டும்.