50 மீட்டரில் ஒட்டி விழும் குண்டு 100 மீட்டரில் ஏன் சிதறுகிறது?

கேள்வி:
வணக்கம். மூன்று வருடமாக .22 ரைஃபிளில் 50 மீட்டர் ப்ரோன் (குப்புறப் படுத்துச் சுடுவது) சுடுகிறேன். போன ஞாயிறு முதல் முறையாக 100 மீட்டரில் சுட இடம் கிடைத்தது. காலை ஏழு மணி, கொடி அசையவே இல்லை. 50 மீட்டரில் ஐந்து குண்டும் 19 மி.மீ.க்குள் விழுந்தன. அதே பெட்டித் தோட்டா, அதே மணல் மூட்டை, 100 மீட்டரில் 58 மி.மீ.! தூரம் இரண்டு மடங்கு என்றால் சிதறலும் இரண்டு மடங்குதானே? 38 வந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். ரைஃபிள் கிளப்புடையது, பேரல் தேய்ந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1:
தம்பி, பேரலைச் சந்தேகப்படும் முன் தாளைப் பாருங்கள். அந்த 58 மேல்கீழாகவா, பக்கவாட்டிலா?

கேட்டவர்:
மேல்கீழாகத்தான் அண்ணா. அகலம் 35தான் இருக்கும்.

பதில் 1:
அப்படியென்றால் எனக்குத் தோட்டா மேல்தான் சந்தேகம். கை, குறி பார்க்கும் சைட், பேரல் இவற்றால் வரும் பிழை ஒரு கோணம். அது தூரத்துக்கு ஏற்ப நேராக வளரும். உங்கள் அகலம் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. குண்டின் வேகம் மாறுவதால் வரும் பிழை வேறு கதை. நொடிக்கு 327 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்க சுமார் 0.16 நொடி ஆகிறது, அதற்குள் 12 செ.மீ. கீழே விழுந்துவிடும். 100 மீட்டருக்கு 0.33 நொடி. விழுவது 50 செ.மீ.க்கும் மேல். நேரம் இரண்டு மடங்கு, விழுவது நாலு மடங்கு. ஒரே பெட்டியில் இரண்டு தோட்டாவுக்கு நடுவே நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 50 மீட்டரில் அது 7, 8 மி.மீ.தான், குரூப்புக்குள், அதாவது குண்டுகள் சேர்ந்து விழுந்த பரப்புக்குள், ஒளிந்துகொள்ளும். 100 மீட்டரில் அதுவே 30 மி.மீ. அளவுக்கு வந்துவிடும்.

50 மீட்டர் தாளில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. அந்த 7 மி.மீ. என்ன செய்யும் என்று போட்டியில் சுட்ட உங்களுக்கே தெரியும்.

கேட்டவர்:
புரிந்தது அண்ணா. அப்போது ஹை வெலாசிட்டி தோட்டா வாங்கினால் சரியாகுமா? விழுவது குறையுமே.

பதில் 2:
வேண்டாம் தம்பி. நானும் அப்படி நினைத்து ஒரு சீசன் முழுக்க அதைச் சுட்டேன். விழுவது குறைந்தது, குரூப் பெரிதானது. வெயில் நாளில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் அளவில் இருக்கும். அந்தத் தோட்டா 375 அளவில் கிளம்பி, 100 மீட்டரை எட்டும் முன்பே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. இறங்கும் இடத்தில் குண்டு தள்ளாடும். இன்னொன்று, பலர் நம்பமாட்டார்கள்: ஒரே பக்கக் காற்றில் மெதுவான .22 குண்டை விட வேகமானதுதான் அதிகம் ஒதுங்கும். ஒலியின் வேகத்துக்கு அருகே காற்று அதை அவ்வளவு பிடித்து நிறுத்துகிறது. போட்டித் தோட்டாக்களை ஒலிக்குக் கீழான வேகத்தில் செய்வது அதனால்தான்.

பதில் 1:
அவர் சொல்வது சரி. நீங்கள் மாற்ற வேண்டியது வேகத்தை அல்ல, லாட்டை, அதாவது ஒரே தடவையில் சேர்த்துச் செய்த தோட்டாத் தொகுதியை. பெட்டி ஓரத்தில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே பிராண்டு, ஒரே விலை, இரண்டு லாட், ஒரே பேரலில் இரண்டு விதமாக விழும். என் பேரலுக்குப் பிடித்த லாட் என் மாணவியின் பேரலில் ஆகவே இல்லை. பெரிய வீரர்கள் ரைஃபிளோடு ஜெர்மனியில் ஷோனெபெக்கில் இருக்கும் லபுவா என்ற தோட்டா நிறுவனத்தின் சோதனைக் கூடம் வரை போவது இதற்குத்தான். நமக்கு அந்த வசதி இல்லை, கிளப்பில் யாரிடமாவது வேறு லாட் இருந்தால் ஒரு பெட்டி கேட்டு வாங்குங்கள்.

தோட்டா மாற்றியதும் முதல் பதினைந்து இருபது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலில் படிய அவ்வளவு வேண்டும். அப்புறம் ஐந்து குண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், பத்துப் பத்தாக மூன்று தாள் சுடுங்கள். உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியாக அளந்து, லாட் எண்ணோடு இங்கே போடுங்கள். உயரம் மட்டும் குறைந்திருந்தால், பேரலைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

கேட்டவர்:
ஒரு சீனியரிடம் வேறு லாட் இரண்டு பெட்டி இருக்கிறதாம். வரும் ஞாயிறு சுட்டுவிட்டு அளவுகளைப் போடுகிறேன் அண்ணா.