நீர்க்கட்டி, 38 நாள் சைக்கிள், நேராக ஐவிஎஃப் என்கிறார்கள். யாராவது விளக்குங்களேன்

கொங்குப்பெண்:

தோழிகளே, இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். வயது 31, ஊர் திருப்பூர், கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. எனக்குப் பீரியட்ஸ் 28 நாளில் வந்ததே இல்லை, 35 நாள் ஆகும், பெரும்பாலும் 38, சில மாதம் 40கூட. அதனால் நாள் தள்ளும்போதெல்லாம் வீட்டில் ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. அப்புறம் நான் பீரோவைத் திறந்து நாப்கின் பாக்கெட்டை எடுப்பதைப் பார்த்ததும் மாமியார் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவார். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். வெளியே விசேஷ வீடுகளுக்குப் போனால் "உங்க வீட்ல விசேஷம் ஒண்ணுமில்லையா"தான், இப்போதெல்லாம் போவதையே குறைத்துவிட்டேன்.

ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி என்று வந்தது. 21ஆம் நாள் ரத்தம் எடுத்து புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் பார்த்துவிட்டு "முட்டையே வெடிக்கவில்லை" என்றார்கள். லெட்ரோசோல் என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார்கள், வாங்கி வந்து போனில் தேடினால் மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று போட்டிருக்கிறது, பயந்துபோய் அப்படியே வைத்துவிட்டேன். அப்புறம் வேறொரு சென்டருக்குப் போனோம். அங்கே முதல் நாளே ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) பேக்கேஜ் என்று ஒரு சீட்டை நீட்டிவிட்டார்கள், தவணையில் கட்டலாமாம்.

நாங்கள் 14ஆம் நாளை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. கணவருக்கு இதுவரை எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை, "அவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. நீர்க்கட்டியை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டுமா? ஐவிஎஃப்புக்கு முன்னால் செய்ய வேறு எதுவுமே இல்லையா?

சுபா_ஈரோடு:

முதலில் அந்த 14ஆம் நாளை விடுங்கள். அது 28 நாள் சைக்கிள் வருகிறவர்களுக்கான கணக்கு. முட்டை வெடிப்பது தோராயமாக அடுத்த பீரியட்ஸுக்கு 14 நாள் முன்னால், அதாவது பின்னாலிருந்து எண்ண வேண்டும். 35 நாள் சைக்கிள் என்றால் 21ஆம் நாள், 38 என்றால் 24, 40 என்றால் 26. நீங்கள் 14இல் முயற்சி செய்துவிட்டு அத்தோடு விட்டிருந்தால், முட்டை வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். வெடித்த முட்டைக்கு ஆயுள் 12லிருந்து 24 மணி நேரம்தான். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கணக்கில் வரும், வெடித்து மறுநாள் ஆகிவிட்டால் அந்த மாதம் போனதுதான்.

உங்களைப் போல நாள் மாறி மாறி வருகிறவர்கள் 16ஆம் நாளிலிருந்து 26 வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருந்தால் போதும், காலண்டரில் வட்டம் போட்டு அன்றைக்கு மட்டும் என்று கணவரை மிரட்ட வேண்டாம் (அந்த வட்டத்தைப் பார்த்தாலே அவர்களுக்குத் தலைவலி வந்துவிடும், எங்கள் வீட்டுக் கதை). வெள்ளைப்படுதல் பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று விரலில் இழுபட்டு வந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். முட்டை வெடிக்கும் நாளைப் பார்க்கக் கடையில் விற்கும் ஓவுலேஷன் கிட் நீர்க்கட்டி இருப்பவர்களுக்குச் சில சமயம் பொய்யாகவே இரண்டு கோடு காட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, எல்லாரும் கேட்கக் கூச்சப்படுவது. உறவுக்குப் பிறகு கொஞ்சம் வெளியே வழியத்தான் செய்யும். போக வேண்டியது அதற்குள் போயிருக்கும். காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதில்லை.

இயற்கை_வாழ்வு:

சகோதரி, இங்கிலீஷ் மருந்தெல்லாம் வேண்டாம். கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு சேர்த்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடியுங்கள், நீர்க்கட்டி தானாகக் கரைந்துவிடும். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண்ணுக்கு மூன்றாவது மாதமே நின்றது.

டாக்டர்_வாசகி:

நான் மகப்பேறு மருத்துவர். கழற்சிக்காயில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஓ.பி.யில் இரண்டு பேருக்கு ஒருவர் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். இதில் கரைக்க வேண்டிய கட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஸ்கேனில் தெரிவது பாதி வளர்ந்து அப்படியே நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான், சினைப்பையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும். வெட்டி எடுக்கிற சமாச்சாரம் இல்லை. சாக்லேட் சிஸ்ட் என்பது வேறு, அது எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்றது வெளியே வளர்வது), அதில் பலருக்குப் பீரியட்ஸின்போதும் உறவின்போதும் தாங்க முடியாத வலி இருக்கும். உங்களுக்கு அப்படி இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று முத்திரை குத்தவும் கூடாது. 2003இல் ராட்டர்டாமில் மருத்துவ நிபுணர்கள் வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: பீரியட்ஸ் தாறுமாறாக வருவது, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் (தாடையில் முடி, முகப்பரு, அல்லது ரத்தத்தில்), அப்புறம் ஸ்கேன். தைராய்டும் புரோலாக்டினும் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பார்த்தார்களா? இந்த இரண்டும் சரியில்லாவிட்டாலும் நாள் தள்ளும், மாத்திரையிலேயே சரியாகிவிடும், ஐவிஎஃப் வரை போன பிறகு தைராய்டைக் கண்டுபிடித்த கேஸ்கள் உண்டு.

சுபா சொன்ன கணக்குதான் உங்கள் ரத்தப் பரிசோதனைக்கும். "21ஆம் நாள் புரோஜெஸ்டிரான்" என்று பெயர் வைத்ததே 28 நாள்காரர்களுக்காக. முட்டை வெடித்த பிறகுதான் அந்த ஹார்மோன் கூடும், அதனால் அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டியது அது. 38 நாள் சைக்கிளில் 21ஆம் நாள் எடுத்தால் முட்டை ஒழுங்காக வெடிக்கிற பெண்ணுக்கும் குறைவாகத்தான் காட்டும். "வெடிக்கவே இல்லை" என்ற முடிவுக்கு அந்த ரிப்போர்ட்டை வைத்து வர முடியாது.

லெட்ரோசோல் பற்றி. அது மார்பகப் புற்றுநோய்க்கும் தருகிற மருந்துதான், பொய்யில்லை. அங்கே வருடக்கணக்கில் தினமும் சாப்பிடுவார்கள், இங்கே மாதத்தில் ஐந்து நாள். ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்ச நாள் குறைத்துக் காட்டினால் மூளை "போதவில்லை" என்று நினைத்து முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும், அவ்வளவுதான் வேலை. இந்தியாவில் 2011இல் இதைக் குழந்தையின்மைக்குத் தரக்கூடாது என்று தடை போட்டார்கள், 2017இல் நீக்கிவிட்டார்கள், அந்தப் பழைய செய்திகள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2014இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் செய்த ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், பழைய மாத்திரையான குளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1. இன்று முதலில் எழுதுவது இதைத்தான். ஆனால் நாள் தள்ளியிருக்கும்போது கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்யாமல் பழைய சீட்டை வைத்து நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது, மருத்துவரிடம் கேட்டு, ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

31 வயதில், டியூப் (கருக்குழாய்) திறந்திருந்து, கணவரின் ரிப்போர்ட்டும் சரியாக இருந்தால் ஐவிஎஃப் முதல் படி இல்லை. இரண்டு டியூபும் அடைத்திருந்தாலோ விந்தணு மிகக் குறைவாக இருந்தாலோ அது வேறு பேச்சு. அதைப் பார்க்காமலே சீட்டு நீட்டியிருக்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைத்தாலே சிலருக்கு முட்டை தானாக வெடிக்கத் தொடங்கும். ஃபோலிக் ஆசிட் இன்றே ஆரம்பியுங்கள். 35 வயது தாண்டிய தோழிகள் யாராவது படித்தால், நீங்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதத்திலேயே போய்ப் பாருங்கள்.

நிலாமகள்77:

டியூப் டெஸ்ட்டுக்குப் பயப்படாதீர்கள். எனக்கு எடுத்தார்கள். பீரியட்ஸ் நின்ற பிறகு, முட்டை வெடிப்பதற்கு முன்னால் எடுப்பார்கள். கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது, சில நிமிடம் பீரியட்ஸ் வலி கொஞ்சம் பலமாக வந்த மாதிரி இருக்கும், கூட யாரையாவது கூட்டிப்போங்கள். எனக்கு ஒரு பக்கம் அடைப்பு, காரணம் டிபி. இருமல் சளி எதுவும் இல்லாமல் கருக்குழாயில் மட்டும் டிபி வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. நம் நாட்டில் டியூப் அடைப்புக்கு அது ஒரு முக்கியக் காரணமாம். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். வீட்டில் யாருக்காவது முன்பு டிபி இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லேப்_ராஜி:

நான் லேபில் வேலை பார்க்கிறேன், அண்ணனைப் பற்றி யாருமே பேசவில்லையே! குழந்தை தள்ளிப்போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கமும் காரணம் இருக்கும். பெண்ணுக்கு ஊசி, ஸ்கேன், டியூப் டெஸ்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக இவர்களை அனுப்புகிறார்கள், இருப்பதிலேயே சுலபமான, செலவு குறைந்த டெஸ்ட் இதுதான். "நல்லாத்தானே இருக்கான்" என்பதற்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. ஜிம்முக்குப் போய் டெஸ்டோஸ்டிரான் ஊசி போட்டுக்கொண்டு தோளெல்லாம் உருண்டு திரண்டு வருவார்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. வெளியிலிருந்து ஹார்மோன் போனால் உடம்பு சொந்தமாகச் செய்வதை நிறுத்திவிடும்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டு வரவேண்டும். ஆணுறையில் எடுத்துவரக் கூடாது, அதில் விந்தணுவைக் கொல்லும் மருந்து இருக்கலாம். லேபிலேயே கொடுப்பது நல்லது, வீட்டில்தான் முடியும் என்றால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வந்தவர்களும் உண்டு, பாவம். முதலில் வரும் சொட்டுகளில்தான் விந்தணு அதிகம், அது கீழே சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குறைவு என்றுதான் ரிப்போர்ட் வரும்.

ரிப்போர்ட் வந்ததும் பதறாதீர்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட அளவுப்படி கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இந்த 4ஐப் பார்த்துவிட்டு "மிச்சம் 96 கெட்டுப்போச்சா" என்று கவுண்டரில் நின்று கேட்காத ஆளே இல்லை. அப்படி இல்லை, அதுதான் சாதாரணம். குறைவாக வந்தால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது, திரும்ப எடுக்க வேண்டும். விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் இடையில் ஒரு காய்ச்சல் வந்துபோயிருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டி பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கிறாரா? சூடு விந்தணுவுக்கு ஆகாது, டாக்டரிடம் வேலையைப் பற்றி அவசியம் சொல்லச் சொல்லுங்கள்.

கொங்குப்பெண்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ராஜி எழுதியதை அப்படியே போனில் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்த ஜிம் கதையில் சிரித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். ராத்திரி சாப்பிடும்போது அவராகவே "எந்த லேப்" என்று கேட்டார், தொட்டி பக்கத்தில்தான் அவருக்கு வேலையாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார், சரி என்றேன். டாக்டர், எனக்குத் தைராய்டு மட்டும் பார்த்திருக்கிறார்கள், சரியாக இருக்கிறது, புரோலாக்டின் பார்க்கவில்லை. வலி அப்படி ஒன்றும் இல்லை. புரோஜெஸ்டிரான் திரும்ப எடுப்பதென்றால் எந்த நாள்? எனக்குத்தான் நிச்சயமாக 38 என்று சொல்ல முடியாதே.

டாக்டர்_வாசகி:

31ஆம் நாள் ஒரு தடவை எடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு வாரம் பீரியட்ஸ் வரவில்லை என்றால் இன்னொரு தடவை. ரத்தம் எடுக்கும்போது எத்தனையாவது நாள் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பீரியட்ஸ் வந்த தேதியையும் அதிலேயே குறித்து வையுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். புரோலாக்டினைக் காலையில், எழுந்து ஓரிரு மணி நேரம் ஆன பிறகு, பதற்றமில்லாமல் உட்கார்ந்து கொடுங்கள், ஓட்டமும் நடையுமாகப் போய்க் கொடுத்தால் கூடுதலாகக் காட்டும்.

லேப்_ராஜி:

அண்ணனை அனுப்புவதற்கு முன்னால் லேபுக்குப் போன் போட்டு நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் விந்தணு டெஸ்ட்டைக் காலையில் மட்டும்தான் எடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கிடையாது. தனி ரூம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், சில லேபில் பாத்ரூமைக் காட்டுவார்கள், அப்படி என்றால் வேறு லேபுக்குப் போய்விடுங்கள்.