சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை (pie): கிழங்கை அவிக்கலாமா, சுடணுமா?

அடுப்படி:
தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு இந்த முறை பூசணிப் பை வேண்டாம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை (மாவு ஓட்டில் பூரணம் ஊற்றி ஓவனில் சுடுகிற இனிப்பு) செய்யலாம் என்றிருக்கிறேன். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் வீடுகளில் செய்கிற பழைய முறைதான் வேண்டும். ஒரு குறிப்பு கிழங்கைத் தண்ணீரில் அவிக்கச் சொல்கிறது, இன்னொன்று ஓவனில் சுடச் சொல்கிறது. எதை நம்புவது?

ராலேவாசி:
சுடுங்கள். கிழங்குக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிற நொதி ஒன்று இருக்கிறது. உள்சூடு சுமார் 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை நிதானமாக ஏறும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும், ஓவனில் முழுக்கிழங்கை வைத்தால் அந்த நேரம் அதற்குக் கிடைக்கிறது, வெட்டிக் கொதிநீரில் போட்டால் சட்டென்று சூடேறி நொதி செத்துவிடும், போதாக்குறைக்குத் தண்ணீரும் உள்ளே போகும். 200 டிகிரியில் ஒரு மணி நேரம். தோல் கழன்று சுருங்கி, கசிந்த பாகு தட்டில் கறுத்து ஒட்டியிருக்கும், அப்போதுதான் எடுக்க வேண்டும்.

மெம்பிஸ்மாமி:
நொதி சரி தம்பி, ஆனால் அவர் கேட்டது பழைய முறை. ஏபி ஃபிஷர் என்ற அம்மா தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஊறுகாயும் ஜாமும் செய்து பேர் வாங்கியவர். 1881இல் அவருடைய சமையல் புத்தகம் அச்சானது. அதில் இந்தப் பை இருக்கிறது. கிழங்கை மெத்தென்று அவித்து, சூடாக இருக்கும்போதே தோலுரித்து, கண்சல்லடையில் தேய்த்து, அந்தச் சூட்டிலேயே வெண்ணெயைச் சேர்க்கச் சொல்கிறார். முட்டையில் மஞ்சள் தனி, வெள்ளை தனியாக அடிக்க வேண்டும். ஒரு ஆரஞ்சுப் பழத்தின் சாறு, பாதித் தோலின் துருவல். பட்டையும் கிடையாது, ஜாதிக்காயும் கிடையாது! இதைவிடப் பழைய முறைக்கு எங்கே போவது?

ராலேவாசி:
அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு மாமி. ஆனால் அவர் கையில் இருந்த கிழங்கு இன்றைக்குக் கடையில் இல்லையே. இங்கே நாம் வாங்குவது பெரும்பாலும் போரிகார்ட் அல்லது கோவிங்டன் ரகம். முதலாவது லூசியானாக்காரர்கள் 1987இல் வெளியிட்டது, இரண்டாவது எங்கள் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2005இல் கொடுத்தது. இரண்டுமே ஈரப்பதமான கிழங்கு, அதை மறுபடி தண்ணீரில் அவித்தால் பூரணம் இறுகாது, அடியில் மாவு நமுத்துப் போகும்.

மெம்பிஸ்மாமி:
வெட்டி அவித்தால் அப்படித்தான் ஆகும். தோலோடு முழுசாகப் போட்டு, கத்தி தடையில்லாமல் இறங்கியதும் வடித்து, வெறும் பாத்திரத்தில் அடுப்பை லேசாக வைத்து ஈரத்தைப் போக்குங்கள். எங்கள் தெருவில் இருக்கிற பெரியம்மாக்கள் எல்லாரும் அவித்துத்தான் செய்கிறார்கள், ஒருத்தர் பையிலும் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை.

ஜெயா_ஜார்ஜியா:
நான் வெல்லம், தேங்காய்ப்பால், ஏலக்காய் போட்டுச் செய்வேன். அருமையாக வரும், யாரும் இதைச் சொல்லவில்லையே.

மெம்பிஸ்மாமி:
ருசியாகத்தான் இருக்கும் ஜெயா, செய்யுங்கள். ஆனால் பழைய முறை என்று அதைச் சொல்லாதீர்கள். அடிமைகளாக இருந்தவர்கள் முதலாளி வீட்டு அடுப்பில் அடுத்தவருக்காகச் செய்துகொடுத்த பண்டம், விடுதலைக்குப் பிறகு தங்கள் பண்டிகைக்கும் துக்க வீட்டுக்கும் தாங்களே செய்துகொண்டார்கள். அதன் பேரும் பக்குவமும் அவர்களுடையது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ராலேவாசி:
இதில் மாமி பக்கம்தான் நானும். ஆனால் பழமை என்றால் 1881 மட்டும்தானா? டின்னில் வருகிற எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால்) இருபதாம் நூற்றாண்டில்தான் வீட்டுக்கு வீடு வந்தது, இன்றைக்கு அது இல்லாமல் எத்தனை பாட்டிமார் இந்தப் பையைச் செய்கிறார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கைமாறும்போது சேர்ந்ததும் பழைய முறையில்தான் வரும்.

அடுப்படி:
நார் வராமல் இருக்க என்ன செய்வது? அளவையும் யாராவது சொல்லிவிடுங்களேன்.

ராலேவாசி:
9 அங்குலத் தட்டுக்கு: மசித்த கிழங்கு 2 கப், வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 1 கப், எவாப்பரேட்டட் மில்க் அரை கப், முட்டை 2, ஜாதிக்காயும் பட்டையும் அரை அரை டீஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. தவறிப்போய் அதற்குப் பதிலாகக் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிவிடாதீர்கள், அது வேறு, இனிப்பு தாங்காது. கிழங்கை மட்டும் முதலில் மின் பீட்டரால் அடியுங்கள், நாரெல்லாம் கம்பியில் சுற்றிக்கொண்டு வரும், கழுவிவிட்டு மறுபடி அடியுங்கள். 175 டிகிரியில் 55 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஓரம் இறுகி நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், முழுக்க இறுகட்டும் என்று விட்டால் முட்டை திரைந்து மேலே பிளந்துவிடும்.

மெம்பிஸ்மாமி:
அளவு சரி. பட்டையைக் கால் டீஸ்பூனுக்கு இறக்குங்கள், இல்லையென்றால் பூசணிப் பை வாசம் வந்துவிடும். ஆரஞ்சுத் தோல் துருவல் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அப்புறம் கிழங்கை அவித்தே செய்யுங்கள்.

ராலேவாசி:
சுட்டுச் செய்யுங்கள். துருவலுக்கு மட்டும் சரி என்கிறேன்.