குவைத், 1990: "நம் கப்பற்படை எங்கே சார்?"

போர் நடந்த ஏமனிலிருந்து 2015இல் தப்பி வந்ததை நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நான் குவைத்திலிருந்து தப்பி வந்த கதை அதற்கும் 25 ஆண்டு முந்தையது.

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. குவைத்தின் சால்மியா பகுதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். விடியும் முன்பே குண்டுச் சத்தம். இராக் ராணுவம் நுழைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே அறையில் ஒன்பது பேர் அடைந்து கிடந்தோம். குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்தான் சாப்பாடு. ஊருக்குப் போன் பேச வழியில்லை. நான் செத்துவிட்டதாக நினைத்து அம்மா அழுதுகொண்டிருப்பாரே என்ற எண்ணம்தான் தூங்கவிடவில்லை.

ஊர் திரும்பப் பெயர் பதியும் வரிசையில் நம் அதிகாரி ஒருவரைப் பார்த்தேன். "அமெரிக்கா சவூதியில் படை இறக்குகிறது, நம் கப்பற்படை எங்கே சார்?" என்று கத்தியேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தம்பி, இங்கே நம் ஆட்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நாம் ஒரு குண்டு சுட்டால் அடுத்த குண்டு யார் மேல் விழும்?"

அப்புறம் ஈரானில் நடந்ததைச் சொன்னார். டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றி அங்கிருந்தவர்களைப் பிணைக்கைதிகளாக வைத்திருந்தார்கள். 1980 ஏப்ரலில் அவர்களை மீட்க அமெரிக்கா ரகசியமாகப் படை அனுப்பியது. தபஸ் பாலைவனத்தில் அவர்களுடைய ஹெலிகாப்டர் அவர்களுடைய விமானத்திலேயே மோதி 8 வீரர்கள் இறந்தார்கள். ஒரு கைதிகூட வெளியே வரவில்லை. வேண்டாம் என்று எதிர்த்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் பதவி விலகினார். 52 பேரும் விடுதலையானது 1981 ஜனவரியில், பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான்.

நம் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைச் சந்தித்தார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படம் உலகம் முழுக்கப் போனது. நிறையப் பேர் திட்டினார்கள். ஆனால் மேற்கத்திய நாட்டவர்களை ராணுவ இடங்களில் மனிதக் கேடயமாக வைத்திருந்த அதே சதாம், எங்களைப் போகவிட்டார். பாஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் எல்லையில் கூடாரம், தண்ணீருக்கு அடிதடி, கடைசியில் ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா. சுமார் 1,70,000 பேரை அப்படிக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கி எடுக்காமல் மீட்டதால்தான் இன்று இதை எழுதுகிறேன் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. கிளம்பிய அன்று என் குவைத்தி முதலாளி இரண்டு கேன் தண்ணீரும் ஒரு மூட்டை பேரீச்சம்பழமும் கொடுத்தார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் அமைச்சர் ஏன் அவனைத் தழுவினார்?" என்று கேட்டார். அவருடைய தம்பியை இராக் படை பிடித்துப்போய் மூன்று நாள் ஆகியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

1992இல் திரும்பிப் போனேன். அதே கடையில் வேலை கொடுத்தார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை.