‘ஆமா’ என்றால் அம்மா: காந்த்ருக் வீட்டில் ஓர் இரவு

தாம்பரத்துக்காரி எழுதியது:

“பத்தாவது படிக்கிற பிள்ளையை அரையாண்டு லீவுல மலைக்கா கூட்டிட்டுப் போறீங்க?” என்று மாமியார் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. அவர் முக்திநாத் போய் 108 தாரையிலும் நனைந்து வந்தவர். நேபாளம் என்றால் அவருக்கு அதுதான். கோயில் இல்லை, குளம் இல்லை, யாரோ ஒருவர் வீட்டில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வரப் போகிறோம் என்றதும் “அதுக்கு இவ்வளவு தூரமா?” என்று முடித்துக்கொண்டார். அந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போனது நான், வீட்டுக்காரர், பையன். இடம் அன்னபூர்ணா மலைக்குக் கீழே காந்த்ருக். உயரம் 2,012 மீட்டர், ஏறக்குறைய நம் கொடைக்கானல் அளவுதான். அதனால் மூச்சு முட்டும், தலை சுற்றும் என்ற பயமெல்லாம் வேண்டாம். கால்தான் பிரச்சினை. போக்கரா நகரத்திலிருந்து ஜீப்பில் ஊருக்குப் பக்கம் வரைக்கும் போய்விடலாம். எங்கள் வழிகாட்டி வேண்டுமென்றே கீழே சியாவுலி பஜாரிலேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் ஏற்றம், பாதி வழிக்கு மேல் கல்படிகள். பழனியில் 693 படி ஏறிவிட்டு ஊரெல்லாம் பெருமையடித்த ஆள் என் வீட்டுக்காரர். இங்கே இரண்டு மணி நேரம் கழித்து “இன்னும் எவ்வளவு?” என்று கேட்டார். “இனிமேல் சமதரைதான்” என்றார் வழிகாட்டி. அப்புறம்தான் தெரிந்தது, நேபாளத்தில் சமதரை என்றால் கொஞ்சம் உகாலோ, கொஞ்சம் ஒராலோ. அதாவது கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம்.

வெளிநாட்டவர் மலைப்பாதைகளில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்திருக்கிறார்கள். விதி இல்லாவிட்டாலும் நான் வழிகாட்டியோடுதான் போவேன். வழி தவறுகிற பாதை இல்லை இது. ஆனால் எதிரே மணி குலுங்கக் கோவேறு கழுதைகள் சிலிண்டரும் அரிசி மூட்டையும் சுமந்து வரும். முதல் தடவை நாங்கள் மூவரும் மரியாதையாகப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒதுங்கி நின்றோம். வழிகாட்டி ஒரே எட்டில் வந்து பையனை மலைப்பக்கச் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மூட்டை இடித்தால் கழுதைக்கு ஒன்றும் ஆகாது, நாம்தான் உருளுவோம். எப்போதும் மலையை ஒட்டி நில்லுங்கள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். அண்ணனைத் ‘தாய்’ என்பார்களாம். வீட்டு அம்மாவை ‘ஆமா’ என்றே கூப்பிடலாமாம். மீசை வைத்த ஒருவர் தாய், அம்மா ஆமா. பையன் படியில் உட்கார்ந்து சிரித்தான்.

சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். (கடிகாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நம்மைவிட நேபாளம் 15 நிமிடம் முந்தி.) கல்சுவர், பலகைக்கல் வேய்ந்த கூரை, வாசலில் உலர்த்திய மக்காச்சோளக் கொத்துகள். ஆமாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மூக்கில் பெரிய தங்கப் பூ. “நமஸ்தே” சொன்னதோடு எங்கள் பாஷை தீர்ந்துபோனது. இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே இருந்தோம். எவ்வளவு நேரம்தான் சிரிப்பது?

பிரச்சினை அப்புறம் வந்தது. வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் நான் “ஆமா” என்பேன். பையைத் திறந்து “ஸ்வெட்டர் இதிலேயா?” என்றார். “ஆமா.” அடுப்படியிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “மாத்திரை போட்டியா?” “ஆமா.” மறுபடி எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை கரண்டியோடு எழுந்தே வந்துவிட்டார். வழிகாட்டி மூலமாக விளக்கினோம், நாங்கள் ‘சரி’ என்பதற்கு இப்படித்தான் சொல்வோம் என்று. அவருக்கு வந்த சிரிப்பில் மூக்குப் பூ ஆடியது. அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க அவரும் எல்லாவற்றுக்கும் “ஆமா, ஆமா” என்றுதான் பதில் சொன்னார்.

சாப்பாடு அடுப்பைச் சுற்றித்தான். டிசம்பர் குளிர், வேறெங்கும் உட்கார முடியாது. நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று நேரே அடுப்பங்கரைக்குள் போகப் பார்த்தேன். வழிகாட்டி கண்ணால் ‘பொறு’ என்றார். ஆமாவே ஒரு பாயை எடுத்துப் போட்டு இடம் காட்டிய பிறகு உட்கார்ந்தோம். தட்டில் டிண்டோ வந்தது. அன்றைக்கு அது வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகுக் களி. அதே நிறம், கிண்டுகிற விதமும் அதே, விரலில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்வதும் அதே. பக்கத்தில் குந்த்ருக், கீரையைப் புளிக்க வைத்துக் காயவைத்துப் பண்ணுகிற குழம்பு. புளிப்பு ஏறியதும் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கினார்.

பையன் சாப்பிட்ட கையோடு குழம்புக் கரண்டியைத் தொடப் போனான். “எச்சக் கையால தொடாதடா!” என்று நான் கத்திய அதே நொடி, வழிகாட்டி “ஜூட்டோ!” என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜூட்டோ என்றால் எச்சில். விளக்கவே தேவைப்படவில்லை. அப்புறம் தண்ணீர்ச் சொம்பு வந்தது. நான் அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக் குடித்தேன். ஆமா அதைப் பார்த்துவிட்டு, தானும் அதே சொம்பை வாங்கி அதே மாதிரி அண்ணாந்து குடித்துக் காட்டி, என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் யாருக்கும் இது வராது, சட்டையை நனைத்துக்கொள்வார்கள் என்றாராம். எனக்கு இமயமலையைப் பார்த்ததைவிட அந்தத் தட்டு பெரிதாக இருந்தது என்றால் சிரிக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காந்த்ருக் குருங் மக்களின் ஊர் (தங்கள் மொழியில் அவர்கள் தங்களைத் தமு என்பார்கள்). பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைந்த ஊர். இவரும் இந்தியப் படையில் கூர்க்கா ரைபிள்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் இன்னும் நம் நாட்டிலிருந்துதான். அழகாக இந்தி பேசுகிறார். இந்தியாவிலிருந்து போன எங்களுக்குத்தான் இந்தி வரவில்லை! எந்த ஊர் என்று கேட்டார். “சென்னை” என்றதும் புரியவில்லை. “மெட்ராஸ்” என்றேன். சோளத்தைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார். அந்த ஒடிசலான உடம்பிலிருந்து வீடு அதிர ஒரு குரல்: “வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!”

மதராஸ் ரெஜிமெண்டின் போர்க்குரல் அது. எப்போதோ எல்லையில் அந்தப் படைக்காரர்கள் இவருக்குப் பக்கத்து முகாமில் இருந்திருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த மொத்தத் தமிழும் அவ்வளவுதான். என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷமாகத் தெரியாதாம். வழிகாட்டி மொழிபெயர்க்க, ஆமா வாயைப் பொத்திக்கொண்டார். பையன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் சோளம் உதிர்க்க ஆரம்பித்தான். வீட்டில் ஒரு வெங்காயம் உரித்துத் தராத பிள்ளை.

மலையா? பார்த்தோம். காலை ஆறரைக்குச் சிரக்கை விட்டு (பஞ்சு ரஜாய், அரிசி மூட்டை கனம்) வெளியே வந்தால், அன்னபூர்ணா தெற்கு, 7,219 மீட்டர், தலைக்கு மேல் நிற்கிறது. பக்கத்தில் ஹியுன்சுலி. வலப்பக்கம் மச்சபுச்சரே. மச்சம், புச்சம், மீன்வால். போக்கராவில் ஒற்றைக் கூம்பாகத் தெரிந்தது இங்கே பிளந்த வாலாகத் தெரிய ஆரம்பிக்கிறது. 1957இல் ஏறிய குழு உச்சிக்குச் சுமார் 150 அடி கீழேயே நின்று திரும்பிவிட்டது. புனித மலை என்பதால் அதற்குப் பிறகு ஏற அனுமதியே தருவதில்லை.

ஆடியில் போனவன் எழுதியது:

கொடுத்து வைத்தவர் நீங்கள். நான் போனது ஆகஸ்ட். விமானக் கட்டணம் மலிவாக இருந்தது, ஏன் என்று யோசிக்கவில்லை. இரண்டு நாளும் மலை இருந்ததற்கான அடையாளமே இல்லை. வழிகாட்டி வெள்ளைத் திரையில் ஓர் இடத்தைக் காட்டி “அங்கேதான் அன்னபூர்ணா” என்பார். நானும் தலையாட்டுவேன்.

இருந்தது அட்டைப்பூச்சிதான். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் லாந்த்ருக்கில் தங்கினேன். வீட்டுத் திண்ணையில் காலுறையைக் கழற்றியதும் ஒரே ரத்தம். எனக்கு மயக்கம் வராத குறை. உள்ளேயிருந்து பாட்டி வந்தார். துணியில் உப்பை முடிந்து, தண்ணீரில் நனைத்து, ஒவ்வோர் அட்டை மேலும் ஒற்றினார். அது சுருண்டு விழும். விழுந்ததும் சத்தமாக எண்ணுவார்: ஏக், துய், தீன்... அடுத்தடுத்து அவர் பேத்தியும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தாள். நானும். சத்ர, அதாவது பதினேழில் முடிந்தது. நேபாளியில் எனக்கு இன்றைக்கும் பதினேழு வரைக்கும் எண்ணத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

பிய்த்து இழுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் செய்கிற பொருள் இருக்கிறது, அதனால் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். வலியும் கிடையாது, ஆபத்தும் பெரிதாக இல்லை. பார்க்கத்தான் கொலை நடந்த வீடு மாதிரி இருக்கும்.

முழங்கால் சாமி எழுதியது:

எனக்கு இந்த ஆமா, பாட்டி பாக்கியமெல்லாம் வாய்க்கவில்லை. வீட்டில் தங்கல் என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏற்பாட்டாளர் கொண்டுபோய் விட்டது ஒரு லாட்ஜில். பன்னிரண்டு அறை. மேஜையில் மெனு அட்டை, அதில் பீட்சா. “வீட்டுக்காரர்கள் எங்கே?” என்றால் கல்லாவில் இருந்த பையன் தன்னைக் காட்டிக்கொண்டான். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தால் பாத் (பருப்பும் சோறும்) எத்தனை தடவை கேட்டாலும் போட்டார்கள். ஆனால் அதற்கு வீட்டில் தங்கல் என்று பெயர் இல்லையே. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: எத்தனை அறை, சாப்பாடு வீட்டார் சமைப்பதா, அவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதா. பதில் மழுப்பினால் லாட்ஜ்தான்.

இன்னொன்று. ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். மறுநாள் காந்த்ருக்கிலிருந்து மோதி ஆறு வரைக்கும் இறங்கிப் பாருங்கள். படி படி படி. ஆற்றைத் தாண்டியதும் திரும்ப ஏறு. என் பெயர்க்காரணம் அங்கேதான் பிறந்தது. இரண்டு ஊன்றுகோல் கொண்டுபோங்கள், ஒன்று பத்தாது.

தாம்பரத்துக்காரி மறுபடி எழுதியது:

முழங்கால் சாமி சொல்வது உண்மை, என் வீட்டுக்காரர் கடைசி ஐம்பது படியைப் பின்பக்கமாக இறங்கினார். கேட்டவர்களுக்கு: கழிப்பறை வெளியே, சுத்தமாக இருந்தது, ராத்திரியில் டார்ச் வேண்டும். குளிக்க அடுப்பில் காய்ச்சிய ஒரு வாளி வெந்நீர். எங்கள் 100 ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டார்கள். நம் ஒரு ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் கணக்கு. அன்னபூர்ணா பகுதிக்குள் நுழைய வாங்குகிற அனுமதிச் சீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துப் போங்கள். விமானத்துக்கு ஆதாரை நம்பிப் போகாதீர்கள்.

கிளம்பும்போது ஆமா எங்கள் மூவர் நெற்றியிலும் திலகம் வைத்தார். என் கையில் ஒரு பொட்டலம் திணித்தார், உதிர்த்த சோளம். நான் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் கொண்டுபோகவில்லை, கைப்பையில் கிடந்த ஒரு பாக்கெட் முறுக்கைத் தவிர. அடுத்து போகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

போன மாதம் பையனுக்குப் பொதுத்தேர்வு. முதல் நாள் ராத்திரி கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். வழிகாட்டியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. எப்போது பரீட்சை என்று பையனே அவரிடம் எழுதியிருக்கிறான், எனக்குத் தெரியாது. போட்டான். முதலில் இருமல். அப்புறம் அதே குரல், வீடு அதிர. “அடி கொல்லு, அடி கொல்லு!” பின்னாலிருந்து ஆமாவின் சிரிப்பு.

கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து வந்தார். “யாருடி அது, நடு ராத்திரியில பிள்ளையை அடிக்கச் சொல்றது?”